ஒரு மூச்சு நேரம்



ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடியும் தறுவாயில், எட்டாம் வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான். "சாமி, கருந்துளைக்குள்ள ஒரு ஆளு விழுந்துட்டா என்ன ஆகும்? வலிக்குமா?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றைய பாடத்திற்கும் இந்த வினாவிற்கும் எள்ளளவும் தொடர்பில்லை என்பது உண்மையே. ஆயினும் குலசேகரன்பட்டினத்தில் விண்வெளி ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்ட பிறகு, நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு வானத்தின்மேல் ஒரு கண் விழுந்திருக்கிறது. ஆகவே வினா எனக்கு வியப்பளிக்கவில்லை. வினாவின் கடைசிச் சொல்தான் என்னை நிறுத்திற்று.

அச்சிறுவனின் தந்தை ஐந்தாண்டுகளுக்கு முன் ஃபைபர் படகில் கடலுக்குப் போனவர். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. இதை அறிந்திருந்த நான், அரைகுறையாக ஏதோ ஒன்றைச் சொல்லி அவனை அமர்த்திவிட விரும்பவில்லை. "தம்பி, பொறு. முறையாகச் சொல்கிறேன்" என்று கூறி அனுப்பினேன். அவனுக்குச் சொன்னதையே இம்மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

கருந்துளை என்பது துளையன்று. பேரளவான பொருள் மிகச் சிறிய இடத்தினுள் நெருக்குண்டு, அதன் ஈர்ப்பை வென்று ஒளியுங்கூட வெளியேற மாட்டாத நிலையே அது. நாம் வாழும் இப்பூமி முழுவதையும் ஒரு கோலிக்குண்டின் அளவுக்கு அழுத்த முடியுமானால் அது கருந்துளையாகிவிடும். கதிரவனுக்கோ 3 கிலோமீட்டர் ஆரம் போதும். அது கண்டதையெல்லாம் உறிஞ்சி விழுங்கும் பூதம் என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. கதிரவன் இருக்குமிடத்தில் அதே எடையுள்ள கருந்துளை ஒன்றை வைத்தாலும் பூமி இப்போது சுற்றுவது போலவே சுற்றிக்கொண்டிருக்கும். குளிரில் நாம் விறைத்துப்போவோம் என்பது வேறு கதை.

இவ்வெண்ணத்தை முதன்முதல் கணக்கிட்டு எழுதியவர்களுள் ஒருவர் பங்குக் குருவானவர் என்பதைச் சொன்னால் நீங்கள் புன்னகைப்பீர்கள். இங்கிலாந்தில் தார்ன்ஹில் என்னும் ஊரின் ஆங்கிலிகன் குருவாகிய ஜான் மிச்செல், 1783-ஆம் ஆண்டிலேயே, கதிரவனைப் போல 500 மடங்கு விட்டமும் அதே செறிவும் உள்ள விண்மீன் ஒன்று இருக்குமாயின் அதன் ஒளி நம்மை வந்தடையாது என்று எழுதினார். ஞானஸ்நானப் பதிவேடும் கல்லறைக் கணக்கும் எழுதியது போக அவருக்கு இதற்கும் நேரம் இருந்திருக்கிறது! என்னைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நிற்க. இத்துறையில் நம்மவர் ஒருவரின் பெயரைச் சொல்லாமல் மேலே செல்லுதல் நன்றாகாது. காவிரிக்கரைத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றி, 1910-ல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930 ஜூலை 31-ஆம் நாள் பம்பாயில் கப்பலேறினார். வயது 19. தாயார் சீதாலட்சுமி அம்மையார் அப்போது நோய்ப்படுக்கையில் இருந்தார். ஆயினும் மகன் போகத்தான் வேண்டுமென்று வற்புறுத்தியவர் அவரே. கப்பல் ஐரோப்பாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த நாட்களில் அவ்விளைஞர் காகிதத்தில் கணக்கிட்டுக்கொண்டே போனார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறுமீனாக அமைதியுறும் என்று அக்காலத்து அறிஞர் நம்பினர். அந்த அமைதிக்கு ஓர் எல்லை உண்டு, கதிரவனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு எடைக்கு மேற்பட்டால் அது வெண்குறுமீனாக நிலைகொள்ளாது என்பது அவர் கண்ட முடிவு. பின்னே அதற்கு நேர்வது என்ன? 1935 ஜனவரி 11-ஆம் நாள் இலண்டனில் கூடிய வானியல் கழகத்தில், அக்காலப் பேரறிஞரான எடிங்டன் எழுந்து, விண்மீன் இவ்வாறு அறிவுக்கொவ்வாத முறையில் நடவாதபடி தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கவேண்டும் என்று அவையோர் நகைக்கும்படி பேசினார். சந்திரசேகர் சண்டையிடவில்லை. அமெரிக்காவுக்குச் சென்று வேறு ஆய்வுகளில் ஈடுபட்டார். 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில்தான் கருந்துளைகளின் கணிதத்தைப் பற்றிய அவரது பெருநூலும் வெளிவந்தது. 1995-ல் சிகாகோவில் மறைந்தார். விடைபெற்று வந்த தாயை அவர் மீண்டும் காணவில்லை. அந்த அம்மையார் 1931-லேயே இறந்துபோனார்.

இனி, சிறுவனின் வினாவுக்கு வருவோம். இதை விளக்க எனக்கு அவனுடைய தாத்தாவே துணைநின்றார். வயது எண்பதைக் கடந்தவர். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களுள் கடைசிச் சலாபத்தில் முத்துக்குளித்தவர். பின்னர் நெடுங்காலம் சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பு நின்றுபோய் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால், இளந்தலைமுறைக்காக அதன் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வள்ளத்தின் விளிம்பில் குளிப்பவர் கல் கட்டிய கயிற்றில் கால் பொருத்தி, மூச்சை நிறைத்து, இறங்குவார். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். பாரில் கிடக்கும் சிப்பிகளை வாரிப் பையில் இட்டு, மூச்சு முட்டும் நேரத்தில் கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் உடனே இழுத்துவிட வேண்டும். எல்லாம் ஏறத்தாழ ஒரு நிமிடம். மேலே கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருக்கவேண்டும் என்று நம் கரையில் ஒரு வழக்கு உண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலி அவர் கையில் இருப்பதால் அவர் கண் அயர மாட்டார் என்பது கருத்து.

ஆகவே இரண்டு ஆட்களைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் இறங்குகிறார், மற்றவர் மேலே நிற்கிறார். இவ்விருவருக்கும் நேர்வது ஒன்றன்று என்பதுதான் இச்செய்தியின் உயிர்நிலை.

எந்தக் கருந்துளையில் இறங்குவது என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். கதிரவனைப் போலப் பத்து மடங்கு எடையுள்ள சிறிய கருந்துளை வேண்டாம். நமக்கு மிக அருகில் உள்ளதாக 2022-ல் கண்டறியப்பட்ட கருந்துளை அத்தகையதே; அருகில் என்றாலும் அதன் தொலைவு ஏறத்தாழ 1,560 ஒளியாண்டுகள். அதில் கால் பக்கம் இழுக்கும் ஈர்ப்புக்கும் தலைப்பக்கம் இழுக்கும் ஈர்ப்புக்கும் உள்ள வேறுபாடு மிகக் கொடியது. எல்லையை அடைவதற்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் முன்பாகவே அது ஆளை நீளவாக்கில் இழுத்துக் கிழித்துவிடும். வியப்பு யாதெனில், கருந்துளை பெரிதாகப் பெரிதாக அதன் வாயில் மென்மையாகிறது. நம் பால்வீதியின் நடுவே கதிரவனைப் போல 43 லட்சம் மடங்கு எடையுள்ள கருந்துளை ஒன்று இருக்கிறது. அதனைச் சூழ்ந்த ஒளிவளையத்தின் படம் 2022 மே 12-ஆம் நாள் வெளியிடப்பட்டது; செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். அதன் எல்லை மையத்திலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 27 லட்சம் கிலோமீட்டர். அங்கே தலைக்கும் காலுக்குமிடையே உள்ள ஈர்ப்பு வேறுபாடு, தரையில் நிற்கும்போது நம் எடையாக உணர்வதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதை உடல் உணராது. சுற்றிச் சுழலும் வெப்ப வளியும் கதிர்வீச்சும் உண்மையில் ஆளை முன்னரே கொன்றுவிடும். அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, ஈர்ப்பு ஒன்றை மட்டும் கணக்கிலெடுத்துப் பேசுவோம்.

இறங்குபவருக்கு முதலில் தோன்றுவது எடையின்மை. கடலில் இறங்குபவருக்குக் காதடைக்கும், நெஞ்சில் நீர் அழுத்தும். இங்கே அழுத்துவது ஒன்றுமில்லை. தடையின்றி விழுபவர் தம் எடையை உணரமாட்டார் என்பது 1907-ல் ஐன்ஸ்டைனுக்குத் தோன்றிய எண்ணம். அதிலிருந்துதான் அவருடைய ஈர்ப்புக் கொள்கை முழுவதும் வளர்ந்தது.

பிறகு எல்லை வருகிறது. என்ன நிகழும்? ஒன்றும் நிகழாது. அங்கே சுவரில்லை, கதவில்லை, ஓசையில்லை. 1976-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மன்னார் வளைகுடாவில் நமக்கும் இலங்கைக்கும் இடையே வரையப்பட்ட எல்லைக்கோட்டை நம் மீனவர் எவரேனும் தண்ணீரில் கண்டதுண்டா? வள்ளம் குலுங்குகிறதா? நீர் நிறம் மாறுகிறதா? கடந்தபின்தான் கடந்தது தெரியும். இங்கும் அப்படியே. ஆனால் ஒரு வேறுபாடு. நீவாடு வள்ளத்தின் வேகத்தைக் காட்டிலும் மிகுந்துவிட்டால் எந்திரத்தை எவ்வளவு முடுக்கினாலும் வள்ளம் பின்னேதான் போகும் அன்றோ? கருந்துளையின் எல்லை என்பது அந்த இடம். அங்கே வெளியே இருந்து உள்ளே பாயும் 'நீவாடு' ஒளியின் வேகத்தை எட்டிவிடுகிறது. ஒளியினும் விரைந்து செல்லும் வள்ளம் எவரிடமும் இல்லை.

இந்த எல்லையில் ஒன்றும் நிகழாது என்பதை அறிஞர்கள் நெடுங்காலம் ஒப்பவில்லை. 1916-ல், போர்முனையில் பணியாற்றிய சுவார்ட்ஷில்டு என்னும் செருமானிய வானியலாரின் தீர்வு வெளிவந்த நாள்முதல், சூத்திரம் அந்த எல்லையில் உடைந்துபோவது போலத் தோன்றியதால், அங்கே வெளியும் காலமுமே முடிகின்றன என்று எண்ணினார்கள். அது சூத்திரத்தை எழுதிய முறையின் குறையே தவிர இயற்கையின் குறையன்று என்று 1933-ல் எடுத்துக்காட்டியவர் பெல்ஜியம் நாட்டு லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஜார்ஜ் லெமேத்ர். அவர் கத்தோலிக்கக் குருவானவர். பேரண்டம் விரிகிறது என்பதை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் என அவரை நீங்கள் அறிந்திருக்கலாம். இந்தச் செய்தியைப் பலர் அறியார். பல ஆண்டுகள் அறிஞர் உலகமே இதைக் கவனிக்கவில்லை.

எல்லையைக் கடந்தவர் திரும்பிப் பார்த்தால் விண்மீன்களைக் காண்பார். வெளி ஒளி அவரைத் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கும். அவ்வேளை பேரண்டத்தின் எதிர்காலம் முழுவதும் ஒரு நொடியில் அவர் கண்முன் ஓடி மறையும் என்று சில நூல்களில் எழுதுகிறார்கள். தானே விழுந்துகொண்டிருப்பவருக்கு அது பொருந்தாது. நெடுந்தொலைவிலிருந்து விழுபவர் எல்லையில் திரும்பிப் பார்ப்பாராயின், மேலே நிற்பவரின் கடிகாரம் பாதி வேகத்தில் ஓடுவதாகவே அவருக்குத் தோன்றும். கயிறு பிடித்தவர் அங்கேயே நிற்பது அவருக்குத் தெரியும். அவர் கையசைத்தால் அது மேலே தெரியாது.

உள்ளே இன்னொரு விந்தை. மையம் என்பது இனி அவருக்கு முன்னால் உள்ள ஓர் இடமன்று. அது, நாளை என்பது போல, வரவிருக்கும் ஒரு நேரம். இடத்தை விட்டு விலகலாம். நேரத்தை விட்டு எங்கே விலகுவது? எவ்வளவு நேரம் எஞ்சியிருக்கும் என்றால், தானாக விழுபவருக்கு 28 நொடி. என்ன சூழ்ச்சி செய்து தாழ்த்தினாலும் 66 நொடிக்கு மேல் எவருக்கும் கிடையாது. இதை நான் சொன்னதும் பெரியவர், "ஒரு முங்குதான்" என்றார். ஆம், ஒரே மூச்சு.

வலிக்குமா என்பதே பிள்ளையின் வினா. அந்த 28 நொடியில் பெரும்பகுதி அமைதியாகவே கழியும். காலுக்கும் தலைக்குமான இழுவை உடலைத் துன்புறுத்தத்தக்க அளவுக்கு வளர்ந்தபின் எஞ்சியிருப்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. காலில் தைத்த முள் மூளைக்குத் தெரியவருவதற்குள்ளாக அது முடிந்துவிடும். அதற்கப்பால், மையத்தில், நம் கணக்குகள் நின்றுவிடுகின்றன. அங்கே அவை நின்றே தீரும் என்பதை மெய்ப்பித்ததற்காகத்தான் பென்ரோஸ் 2020-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த மெய்ப்பிப்புக்கு அடித்தளமாக நின்றவற்றுள் ஒன்று கல்கத்தாவைச் சேர்ந்த அமல் குமார் ராய்சௌத்ரி 1955-ல் வெளியிட்ட சமன்பாடு.

இப்பொழுது மேலே நிற்பவரிடம் வருவோம். கருந்துளையில் கயிறு பயனற்றது. ஒரு நுனி எல்லையைக் கடந்தால் கயிறு அறுந்துபோகும்; உள்ளிருந்து சுண்டும் சுண்டல் ஒருபோதும் மேலே வாராது. எனவே இறங்குபவர் கையில் ஒரு விளக்கைக் கொடுத்து, தம் கடிகாரப்படி நொடிக்கொரு முறை மின்னச் சொல்லுவோம். தொடக்கத்தில் நொடிக்கொரு முறை மின்னும். பின்பு இரண்டு நொடிக்கொரு முறை. பின்பு பத்து. பின்பு ஒரு நிமிடம். ஒவ்வொரு மின்னலும் முன்னதைவிடச் சிவந்தும் மங்கியும் வரும். ஆள் விழுவதும் வரவர மெதுவாகி, எல்லையின் அருகே நின்றுவிட்டவர் போலத் தோன்றுவார். எல்லையைக் கடக்கும் கணத்தில் அவர் மின்னிய மின்னல் என்றைக்கும் வந்துசேராது. கடப்பதை மேலே நிற்பவர் காணவே மாட்டார். ஆப்பன்ஹைமரும் ஸ்னைடரும் சுருங்கும் விண்மீன் ஒன்றுக்கு இதைக் கணக்கிட்டு வெளியிட்டது 1939 செப்டம்பர் 1-ஆம் நாள். இரண்டாம் உலகப்போர் தொடங்கிய அதே நாள். சோவியத் நாட்டு அறிஞர்கள் பல ஆண்டுகள் இவற்றுக்கு 'உறைந்த விண்மீன்' என்றே பெயரிட்டிருந்தார்கள். அது கரையில் நிற்பவர் இட்ட பெயர்.

எங்கள் பங்கின் இறப்புப் பதிவேட்டில் அச்சிறுவனின் தந்தையின் பெயர் இன்னும் ஏறவில்லை. ஏழு ஆண்டுகள் ஒரு செய்தியும் இல்லையெனில் ஒருவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்கிறது நாட்டுச் சட்டம். திருச்சபைச் சட்டத்திலும் அதற்குரிய விசாரணை முறை உண்டு. அவர் மனைவி என்னிடம் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை. ஆண்டுதோறும் இறந்த விசுவாசிகள் நாளில் கொடுக்கும் பெயர்ப்பட்டியலில் அந்த அம்மாள் தம் மாமியாரின் பெயரை எழுதுவார். அதன் கீழே ஒரு வரி இடம் விட்டுத் தருவார்.

இதையெல்லாம் கோயில் திண்ணையில் அமர்ந்து, சிறுவனுக்கும் அவன் தாத்தாவுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். சிறுவன் கேட்டுக்கொண்டே இருந்தான். "அப்போ விழுந்தவருக்குக் கொஞ்ச நேரந்தான். பார்க்கிறவங்களுக்குத்தான் முடியவே முடியாது, அப்படியா சாமி?" என்றான். ஆம் என்றேன். பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கயிறு பிடிச்சவன் எப்ப சாமி வீட்டுக்குப் போறது?" என்று கேட்டார். உருவம் அங்கேயே நிலைத்து நிற்பதில்லை என்றும், சில நிமிடங்களில் அந்த ஒளி கண்ணுக்கு எட்டாத செந்நிறத்துக்கும் அப்பால் போய், அதன்பின் எந்தக் கருவிக்கும் எட்டாமல் மறைந்துவிடும் என்றும் சொன்னேன். இந்தக் கணத்தில் மறைந்தது என்று குறித்துக்கொள்ள மட்டும் ஒரு கணம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

பெரியவர் தலையசைத்தார். "எனக்கு மச்சான்தான் கயிறு பிடிச்சாரு. நான் உள்ள இருக்குற வரைக்கும் அவரும் மூச்சை அடக்கிக்கிட்டுதான் நிப்பாராம். நான் மேல வந்து மூச்சு விட்ட பெறகுதான் அவரும் விடுவாராம். சாகுறதுக்கு முன்னாலதான் என்கிட்ட சொன்னாரு" என்றார்.

சிறுவனோ அந்தக் கருந்துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிய விரும்பினான். ஜூலை மாதமாதலால் இரவு ஒன்பது மணியளவில் மூவரும் கடற்கரைக்குப் போனோம். தென்கிழக்கே, கடலுக்கு மேல், தேள் வடிவில் வளைந்து கிடக்கும் விருச்சிக மீன்களின் வாலுக்கு இடப்புறமாகத் தனுசு இராசி ஏறியிருந்தது. துறைமுக விளக்குகளின் வெளிச்சத்தில் பால்வீதி தெரியவில்லை. விரலை நீட்டி, அந்த வாலுக்கும் தனுசுக்கும் நடுவே என்று காட்டினேன். அங்கிருந்து ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 27,000 ஆண்டுகள் ஆகும் என்றேன். "ஒண்ணும் தெரியலையே" என்றான். தெரியாது என்றேன். அவன் இன்னும் சிறிது நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். தாத்தா அவன் சட்டையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.